மரியநாயகி ரீச்சர் வீட்டுச் சனிக்கிழமைகள்

ஊர்காவற்றுறையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், பழைய கிட்டங்கிக்கு அடுத்த வீடு மரியநாயகி ரீச்சருடையது. கிழமை நாட்களில் அவர் வீட்டு விறாந்தையில் தையல் வகுப்பு நடக்கும். நானும் அங்கேதான் சட்டை வெட்டப் பழகினேன். சனிக்கிழமைகளில் வகுப்பு இல்லை. அன்றைக்கு அவர் வேறொரு வேலை செய்தார். அந்த வேலைக்கு என்ன பெயர் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

ரீச்சருக்கு ஒரு மகன் இருந்தான். கணவர் சில்வெஸ்ரர் சிலாபத்துக் கடலுக்குத் தொழிலுக்குப் போய், அங்கே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, திருநாள் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன் என்று இரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனார். திருப்பிக் கொண்டுவரவில்லை. ரீச்சர் வழக்குப் பேச ஆளில்லாமல், ஒருவாறு விலாசம் தேடிப்பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு எட்டு வயது. அவன் அந்தப் பெண்ணின் சீலையைப் பிடித்துக்கொண்டு, “ஆரம்மா இவ?” என்று அவளையே கேட்டான். ரீச்சர் தைத்துக் கொண்டுபோன சட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு நாள், நீதிமன்ற விறாந்தையில் ஒரு பெண்பிள்ளையை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பதை ரீச்சர் கண்டார். ஒரு கையைத் தாய் மீனலோசனியின் தமையன் ஆழ்வாப்பிள்ளை பிடித்திருந்தார். மற்றக் கையைத் தகப்பன் தில்லைநாதன் பிடித்திருந்தார். பிள்ளை அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. அதன் பெயர் நளாயினி, வயது ஆறு.

தில்லைநாதன் அனலைதீவுக்காரர். தெற்கே கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் மேல்மாடி வீடும் எரிந்துபோக, பெண்சாதி பிள்ளையோடு அகதிக் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார். அதன்பிறகு அவர் பழைய ஆள் இல்லை. நாட்கணக்கில் பேசமாட்டார். பேசினால் குடித்திருப்பார். ஒருநாள் கை நீட்டிவிட்டார். மீனலோசனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துச் சரவணையில் தமையன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வழக்கு நடந்தது. தகப்பன் மாதம் இரண்டு முறை பிள்ளையைப் பார்க்கலாம் என்று தீர்ப்பு. எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில்தான் இழுபறி. அவன் எங்கள் படலை திறக்கக்கூடாது என்றார் ஆழ்வாப்பிள்ளை. பிள்ளையைக் கடல் தாண்ட விடமாட்டேன் என்றாள் மீனலோசனி.

“என்ரை வீட்டிலை பாக்கட்டும்,” என்றார் ரீச்சர். “நான் உங்கள் ரண்டு பக்கத்துக்கும் உறவில்லை. வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவள். சண்டை பிடிக்க உங்களுக்கு என்னோடை ஒண்டுமில்லை.”

அப்படித்தான் அது தொடங்கியது. ரீச்சர் சில விஷயங்களை முதலே சொல்லிவிட்டார். தாய் பின்வாசலால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டும். தகப்பன் பிறகு முன்வாசலால் வரவேண்டும். ஒருவரைப் பற்றி மற்றவர் பிள்ளையிடம் எதுவும் விசாரிக்கக்கூடாது.

முதல் சனிக்கிழமை தில்லைநாதன் பெரிய பொம்மையும் பிஸ்கற் பெட்டியும் கொண்டுவந்தார். நளாயினி தையல் மெசினுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டாள். அவர் கதிரை நுனியில் இருந்து நிலத்தைப் பார்த்தார். அப்படியே நேரம் போனது. அவர் அனலைதீவு வள்ளத்துக்கு எழும்பும்போது ரீச்சர் சொன்னார்:

“தம்பி, இனிச் சாமான் கொண்டு வராதையும். ரண்டு பேருமாச் செய்யக்கூடியதா ஏதும் கொண்டுவாரும்.”

அடுத்த முறை அவர் அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்தார். நிலத்தில் பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மெசினுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து ஒரு கிழங்கை எடுத்தது.

மழைக்காலத்தில் ஒரு சனி அவர் குடித்துவிட்டு வந்தார். ரீச்சர் முன்வாசலை மறித்து நின்றார்.

“இண்டைக்கு ஏலாது. மணக்குது.”

“ரீச்சர், ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போறன்.”

“ஏலாது தம்பி. அவள் உம்மை இப்பிடிக் கண்டு பயந்து வந்தவள்.”

அவர் துறைமுகப் படிக்கட்டில் இருந்து அழுதார் என்று பிறகு சொன்னார்கள். ஆழ்வாப்பிள்ளை இதைக் கேள்விப்பட்டு, இனிப் பிள்ளை வராது என்றார். ரீச்சர் சரவணைக்கு நடந்தே போனார். “அவரைத் திருப்பி அனுப்பினது நான். பிள்ளையை நிப்பாட்டினால் குடிச்சவருக்கில்லை, அவளுக்குத்தான் தண்டனை,” என்றார்.  அடுத்த தவணைக்கு மீனலோசனி பிள்ளையைக் கொண்டுவந்தாள். தில்லைநாதன் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அதன்பிறகு அந்த வாசலுக்கு அவர் மணத்தோடு வந்ததில்லை.

காலப்போக்கில் மீனலோசனி பிள்ளையை விட்டுவிட்டுப் போகாமல் குசினிக்குள் இருக்கத் தொடங்கினாள். முன் விறாந்தையில் தகப்பனும் மகளும் கணக்குச் செய்வது அவளுக்குக் கேட்கும். ஒருநாள் பிள்ளைக்குக் காதுக்குள் வலி. குசினிக்குள் இருந்தபடியே, “காதிலை குளிர்காத்துப் படவிடவேண்டாம் எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ ரீச்சர்,” என்றாள். “ஓம், கேட்டது,” என்றார் அவர் விறாந்தையில் இருந்து. நான்கு வருடங்களில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

இனி இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று அயலட்டை கதைத்தது. மீனலோசனி ரீச்சரைக் கேட்டாள்:

“நான் திரும்பிப் போகவேணும் எண்டு நினைக்கிறியளோ?”

“இல்லை. அது உம்மடை விருப்பம். நான் அவளுக்காகத்தான் கதவைத் திறந்து வைச்சிருக்கிறன்.” அன்றைக்குத்தான் ரீச்சர் தன் மகனைப் பற்றி அவளுக்குச் சொன்னார்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை மூண்டது. தீவுகளில் குண்டு விழ, கடற்படை இறங்க, சனம் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. மீனலோசனி வீட்டார் மானிப்பாயில் ஒதுங்கினார்கள். ரீச்சர் குருநகரில் ஒரு அறையில் இருந்தார். அனலைதீவு கடற்படையின் பிடிக்குள் போனது. தில்லைநாதன் அங்கே அகப்பட்டுக்கொண்டார். இடையில் இருந்தது சிறிய கடல்தான். ஒருவரும் தாண்ட ஏலாது. நளாயினி மாதத்தில் ஒருநாள் குருநகருக்கு வந்து ரீச்சரிடம், “அப்பாவைப் பற்றி ஏதும் தெரியுமோ?” என்று கேட்டுவிட்டுப் போவாள். செஞ்சிலுவைக்காரர் மூலம் எப்போதாவது ஒரு சுகச்செய்தி வரும்.

தொண்ணூற்றுமூன்றில் அவள் பெரியபிள்ளையானாள். மீனலோசனி சைக்கிளில் ரீச்சரைத் தேடி வந்தாள்.

“அவருக்கு அறிவியுங்கோ. வரச்சொல்லேல்லை. வர ஏலாதுதானே. ஆனா தகப்பனுக்குத் தெரியவேணும்.”

ரீச்சர் செஞ்சிலுவைக்காரர் மூலம் அறிவித்தார். சடங்கு சின்னதாக நடந்தது. சில கிழமை கழித்து, நோயாளிப் பிள்ளையோடு செஞ்சிலுவைக் கப்பலில் அனலைதீவிலிருந்து வந்த அன்னபூரணம் ரீச்சரிடம் வந்தாள். தில்லைநாதனின் ஒன்றுவிட்ட தங்கை. செய்தி கிடைத்ததும் அவர் ஒரு வள்ளத்தை ஒழுங்குபண்ணி, இருட்டோடு யாழ்ப்பாணக் கரைக்கு, அராலிப் பக்கம் வெளிக்கிட்டாராம். கடலில் கடற்படையின் சூடு விழுந்தது. உடல் அனலைதீவுக் கரையிலேயே ஒதுங்கியது. அங்கேயே எரித்துவிட்டார்கள்.

ரீச்சர் மானிப்பாய்க்குப் போய் மீனலோசனிக்குச் சொன்னார். 

“நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ ரீச்சர். என்னாலை ஏலாது.”

“இல்லைப் பிள்ளை. தகப்பன் செத்ததை ஒரு பிள்ளைக்குத் தாய்தான் சொல்லவேணும். நான் பக்கத்திலை இருக்கிறன்.”

நளாயினி பள்ளிக்கூடத்தால் வந்ததும் தாய் சொன்னாள். பிள்ளை புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றது.

“என்னைப் பாக்கவோ வந்தவர்?”

“ஓம். நான்தான் அறிவிப்பிச்சனான்.”

இவ்வளவையும் மீனலோசனி சொல்லுவாள் என்று ரீச்சர் நினைக்கவில்லை.  நளாயினி கிணற்றடிக்குப் போய் இருந்து அழுதாள். பொழுதுபடத் திரும்பி வந்து, அப்பாவுக்கு விளக்கு வைக்கவேண்டும் என்றாள்.

ஆழ்வாப்பிள்ளை மறுத்தார். “பிரிஞ்சு எவ்வளவு காலம். அவர் எங்களுக்கு ஆர்? இந்த வீட்டிலை செத்தவீட்டுத் துடக்குக் காக்கத் தேவையில்லை.”

“உங்களுக்கு அவர் ஒருத்தரும் இல்லை, சரி,” என்றார் ரீச்சர். “அவளுக்குத் தகப்பன். தவணை தப்பாமல் வந்த தகப்பன்.”

“குடிச்சிட்டும் வந்தவர்.”

“ஓம். பிறகு குடியாமலும் வந்தவர். அண்ணை, இதுக்குப் பிறகு நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கமாட்டன்.”

ஆழ்வாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது, “படம் இருக்கோ?” என்றார்.

படம் இல்லை. எல்லாம் கடையோடு எரிந்திருந்தது. வெறும் சுவருக்கு முன்னால் நளாயினி விளக்கு வைத்தாள். மீனலோசனி சமைத்தாள். அவருக்குப் பயத்தங்காய்ப் பால்கறி விருப்பம் என்று ஒருவரும் கேளாமலே சொல்லி, அதைப் படைத்தாள். சாப்பிடும்போது ஆழ்வாப்பிள்ளையும் வந்து இருந்தார். 

தொண்ணூற்றைந்து ஐப்பசி இடப்பெயர்வில் அவர்கள் வன்னிக்குப் போனார்கள். ரீச்சரால் அவ்வளவு தூரம் நடக்க ஏலவில்லை. தென்மராட்சியில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினார். மார்கழி மழையில் காய்ச்சல் பிடித்து அங்கேயே இறந்துபோனார். தையல் படித்த நாங்கள் சிலர் அடக்கத்துக்கு நின்றோம். நளாயினிக்கு அது தெரிய மாதக்கணக்கானது. எங்கே அடக்கினீர்கள் என்று யார் மூலமோ என்னிடம் கேட்டிருந்தாள். மழையில் மண் இறங்கி, சிலுவையும் சாய்ந்துபோன அந்த இடத்தை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.