கூரை வழியே வருவது

மனைவி போன பிறகு என் வீட்டில் சத்தம் போடுவது ஒன்றே ஒன்றுதான்: மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, கதிர்வீச்சை எண்ணும் கருவி. சோப்புப் பெட்டி அளவு. நிமிடத்துக்கு இருபது தடவையாவது ‘டிக்’ என்னும். பெரும்பாலும் மண்ணும் சுவரும் தருவது. சில மட்டும், வெடித்த விண்மீன்களில் கிளம்பி, நம் பால்வெளிக்குள்ளேயே பல லட்சம் ஆண்டுகள் திசை தவறி அலைந்த துகள்கள் மேல்காற்றில் மோதிச் சிதறியவை. கூரையையும் துளைக்கும், என்னையும் துளைக்கும்.

மனிதர்களில் தினமும் வருபவர் அண்ணாச்சி ஒருவர்தான். இலஞ்சியில் அடுத்த தெரு, தென்னந்தோப்புக்காரர். காலையில் பேப்பர் படிக்க வருவார்.

அவர் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போய்விட்டேன். பால் பொங்கப்போகும் நேரம். எல்லோரும் மூச்சடக்கி நின்றார்கள். அடுப்பு மேடையின் கிரானைட்டை ஒட்டி நான். டிக், டிக், டிக்.

“பல்லி சொல்லுதே! எந்தத் திசைல?” என்றார் அண்ணாச்சியின் மனைவி. பத்துத் தலைகள் உத்தரத்தைப் பார்த்தன.

நான் பெட்டியை எடுத்துக் காட்டினேன். “பல்லி இல்லம்மா, கதிர்வீச்சு. வானத்திலருந்து வாரதுக்குத் திசை கிடையாது. கல்லுலருந்து கொஞ்சம் கூட வருது. பயப்பட ஒண்ணுமில்ல.”

“பல்லின்னாலும் பரிகாரம் உண்டும். இதுக்கு நாங்க எங்கன போக, சார்வாள்?” என்றார் அந்த அம்மா.

பால் பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. சாரல் பிடித்துவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மழை விட்ட காலையிலும் கேட் திறக்கவில்லை. இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

ஒருநாள் குடையோடு கேட்டுக்கு வெளியே நின்றார். “அந்தப் பெட்டி உள்ளயா இருக்கு?”

“இருக்கு.”

“அத அமத்துனா வாரேன்.”

அவர் கண் முன்னால் பேட்டரியைக் கழற்றினேன். உட்கார்ந்து, தம்ளரை வாங்கிக்கொண்டு, கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“இப்ப ஒண்ணும் வரலைல்லா?”

முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். பதில் நாக்கு நுனிவரை வந்தது.

“சத்தம் இல்ல, அண்ணாச்சி.”

பேப்பரின் நடுப்பக்கத்தை உருவி என்னிடம் நீட்டினார்.

அவர் போனதும் பேட்டரியைப் போட்டேன். தெருவுக்குக் கேட்காதபடி ஜன்னலைச் சாத்திவிட்டு.