சுசிலா திருப்பி வாங்கிய போத்தல்கள்

ஓகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலுள்ள சுசிலாவின் வீட்டுக்குப் போகிறவர்கள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போவதில்லை. அன்றைக்கு அங்கே சல்சா போடுவார்கள். தக்காளியை அவித்து, தோலும் விதையும் போகப் பிழிந்து, போத்தலில் நிரப்பி, மூடிய போத்தலைக் கொதிநீரில் வேகவைத்து, ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்கிற இத்தாலியத் தக்காளிச் சாறு அது. பின் முற்றம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். சுவரிலும் தெறித்திருக்கும். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் முதல் வருடம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதும் உதவி வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சுசிலா பிறந்தது யாழ்ப்பாணத்து வேலணையில். சல்சா படித்தது பலெர்மோவில். தொண்ணூறுகளின் நடுவில், கணவர் ஞானேஸ்வரன் முன்னரே போய்ச் சேர்ந்திருந்த அந்தச் சிசிலி நகரத்துக்குத் தானும் போனார். அங்கே அப்போதே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் வீட்டு வேலைதான். சுசிலாவுக்குக் கிடைத்தது நுன்சியா என்ற பள்ளிக்கூட ஆசிரியையின் வீடு. நுன்சியா உரத்துக் கோபிப்பார், கோபித்ததை உடனே மறந்துவிடுவார். ஓகஸ்ட் பிறந்தால் குடும்பம் முழுவதும் பார்ட்டினிக்கோ என்ற ஊரில் இருந்த தம்பியின் தோட்டத்துக்குச் சல்சா போடப் போகும். சுசிலாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

முதல் வருடம் சுசிலா போத்தல் கழுவினார். அடுத்த வருடம் பிழிகிற மெசினில் உட்கார்த்தினார்கள். அதற்கடுத்த வருடம், பாதி தக்காளி இன்னும் பழுக்கவில்லை என்று நுன்சியாவின் தம்பியோடு இத்தாலிய மொழியில் வாக்குவாதப்பட்டார். நுன்சியா இருவருக்கும் நடுவில் நின்று, சுசிலா சொல்வதுதான் சரி என்றார். அன்றிலிருந்து தோட்டத்துப் போத்தல்களில் ஒரு பங்கு சுசிலாவின் வீட்டுக்கும் வந்தது. பிள்ளைகள் லக்‌ஷிகாவும் ஆரணனும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள். மத்தியானம் சோறும் மீன் குழம்பும், இரவில் சல்சா விட்ட பாஸ்தா. அந்த வீட்டில் இரண்டும் வீட்டுச் சாப்பாடுதான்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று, இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு, 2013இல் லண்டனுக்கு வந்தார்கள். வந்த புதிதில் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு போத்தல் பாஸ்தா சோஸ் வாங்கிச் சமைத்தார் சுசிலா. ஆரணன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினான்.

"அம்மா, இதுக்குள்ள சீனி போட்டிருக்கினம்."

சுசிலாவும் ருசி பார்த்தார். மகன் சொன்னது உண்மை. அந்த ஓகஸ்டில், வாடகைக்கு இருந்த மேல்மாடி வீட்டின் சின்னக் குசினியில், இரண்டு பெட்டித் தக்காளியோடு தொடங்கினார். சட்டி சட்டியாக அவித்ததில் நெருப்புப் புகை அலாரம் இரண்டு முறை அடித்தது. பிறகு முற்றத்தோடு வீடு கிடைத்தது. ஞானேஸ்வரன் மொத்த வியாபாரக் கடையொன்றில் வான் ஓட்டுகிறவர். விடிய முதல் சந்தைக்குப் போய் நீளத் தக்காளியாகப் பார்த்துக் கொண்டுவருவார். ஒரு தகரப் பீப்பாவும், அதன் கீழே வைக்க ஒரு பெரிய காஸ் அடுப்பும் எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

விஷயம் கேள்விப்பட்டு, இத்தாலியிலிருந்து வந்த வேறு ஆட்களும் சேர்ந்தார்கள். ஸ்ட்ரெதமில் இருக்கும் பிறேமினி, வட இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவில் இருந்தவள். மிச்சத்திலேயே இருக்கும் வேதவல்லி, நாப்போலியில் இருந்தவர். எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் வேதாக்கா. மூன்று பேருக்கும் முதல் வருடமே பிரச்சினை வந்துவிட்டது. வெங்காயமும் கரட்டும் போடாமல் என்ன சல்சா என்றாள் பிறேமினி. தக்காளியைப் பிழியவே கூடாது, தோலுரித்து முழுசாக அடைக்கவேண்டும் என்றார் வேதவல்லி. பசிலிக்கோ என்ற இத்தாலியத் துளசி இலையைத் தவிர வேறொன்றும் உள்ளே போகாது என்றார் சுசிலா. பார்த்துக்கொண்டிருந்த ஞானேஸ்வரன், மூன்று யாழ்ப்பாணத்துப் பெண்கள் இத்தாலிக்காரருடைய சண்டையைத் தமிழில் பிடிக்கிறார்கள் என்று சிரித்தார். கடைசியில் பீப்பா யாருடையதோ அவருடைய முறை என்று முடிவானது.

அப்படியே சில வருடங்கள் ஒழுங்காகப் போயின.

இரண்டு வருடத்துக்கு முந்தின ஓகஸ்டில் மத்தியானம்வரை வெயில் எறித்தது. போத்தல்களைப் பழைய துணி சுற்றிப் பீப்பாவில் அடுக்கி, தண்ணீர் விட்டு, அடுப்பை மூட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் குமிழி விடத் தொடங்கிய நேரம் பார்த்து நெருப்புச் சிறுத்து அணைந்தது. காஸ் முடிந்துவிட்டது. ஞானேஸ்வரன் வானோடு வேலைக்குப் போயிருந்தார்.

"வேதாக்கா, இப்பதான் கொதிக்கத் தொடங்கினது. இன்னும் எவ்வளவு நேரம் நிண்டு கொதிக்கவேணும்" என்றார் சுசிலா.

வேதவல்லி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நின்றார். "சூடு உள்ளுக்கை இருக்குத்தானே. மூடிவிட்டால் தன்ரபாட்டில வேகும். எல்லாரும் நனைஞ்சுபோய் நிக்கினம். போதும், விடும்."

சுசிலாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் குளிர். பிறேமினிக்கு மாலை ஷிப்ட் இருந்தது. பீப்பாவின் மேல் ஒரு கம்பளியைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போனார்கள். மறுநாள் போத்தல்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பங்கு பிரித்துக் கொண்டுபோனார்கள்.

செப்டம்பர் நடுவில் ஒருநாள், மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரியிலிருந்து ஏதோ சீறுகிற சத்தம் கேட்டது. சுசிலா திறந்து பார்த்தார். ஒரு போத்தலின் மூடி உப்பி, விளிம்பால் சிவப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. இன்னும் நாலைந்து மூடிகள் மேலே எழும்பியிருந்தன. மூடி உப்பாத ஒரு போத்தலை எடுத்துத் திறந்தார். நிறமும் மணமும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. எது நல்லது, எது கெட்டது என்று இனிக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது.

வேலையால் வந்த கணவரிடம் சொன்னார். ஞானேஸ்வரன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்கட நாலைஞ்சு போத்தில் பழுதாப் போனால் எல்லாற்றையும் பழுதெண்டு ஏன் நினைக்கிறீர்? ஆரும் ஒண்டும் சொல்லேல்லையே."

"எல்லாம் ஒரே பீப்பாவில வெந்தது. நான் முழுக்கத் திருப்பி எடுக்கப்போறன்."

"எடுத்து?"

"ஊத்தப்போறன்."

ஞானேஸ்வரன் கழற்றிய சப்பாத்தை ஓரமாக வைத்தார். இத்தனை வருடத்தில் மனைவியின் குரலை அவர் அறிவார். "சரி, ஸ்ட்ரெதமுக்கு நான் வானில கொண்டுபோய் விடுறன்" என்றார்.

பிறேமினி வீட்டில் சிரமம் இருக்கவில்லை. அவளுடைய அலுமாரியிலும் இரண்டு போத்தலின் மூடி உப்பியிருந்தது. வீட்டின் ஈரம் என்று நினைத்தாளாம். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணியும் போட்டுத் தந்தாள்.

வேதவல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவருடைய மகள் மேனுஷாவுக்கு அந்த வருடம்தான் இல்ஃபோர்டில் கலியாணம் நடந்தது. சல்சா போட்ட பிறகு, மாப்பிள்ளை ஹரிசனின் பெற்றோரைப் பார்க்கப் போனபோது, ஒரு பெட்டி நிறையச் சல்சாப் போத்தல்களை அடுக்கி, ரிப்பன் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

"உமக்கு வேணுமெண்டால் உம்மட போத்திலை ஊத்தும். என்னட்டை இருக்கிறதையும் கொண்டுபோம். சம்மந்தி வீட்டுக்குக் குடுத்ததை நான் என்னெண்டு திருப்பிக் கேக்கிறது? பழுதான சாமான் கொண்டுவந்து தந்தவ எண்டு காலம் முழுக்கச் சொல்லுவினம்."

"சாப்பிட்டு ஆருக்கும் ஏதும் வந்தால், வேதாக்கா?"

"இவ்வளவு நாளும் வராதது இனியே வரப்போகுது?"

"அப்ப நான் போய்க் கேக்கிறன்."

"போனால், பிறகு என்னோட கதைக்கவேண்டாம்" என்று சொல்லி, தன்னிடம் இருந்த போத்தல்களை வாசலில் எடுத்து வைத்துவிட்டு வேதவல்லி கதவைச் சாத்தினார்.

சுசிலா மேனுஷாவிடம் விலாசம் வாங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சில்லு வைத்த கடைப்பை ஒன்றை இழுத்துக்கொண்டு ரயில் ஏறி, ஃபரிங்டனில் எலிசபெத் லைனுக்கு மாறி, இல்ஃபோர்டில் இறங்கினார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார். கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் தாய் வசந்தமலர். கலியாணத்தில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு, உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அவருடைய கணவர் பரமேஸ்வரன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

சுசிலா சுற்றி வளைக்கவில்லை. "வேதாக்கா தந்த சல்சா என்ர வீட்டில போட்டது. அந்த முறை வடிவா வேகேல்லை. பிழை என்னுடையது. மிச்சம் இருக்கிறதைத் தந்தீங்களெண்டால் நான் கொண்டுபோயிடுவன்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வசந்தமலர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"திறக்கேக்கை புளிச்ச மணம் ஒண்டு வந்ததுதான். இத்தாலிச் சாமான் அப்பிடித்தான் இருக்குமாக்கும் எண்டு நினைச்சன். சம்மந்தி ஆசையாத் தந்தது, எறிய மனம் வரேல்லை. பாஸ்தாவுக்கு விடப் பயமா இருந்தது. அதால, புளிக்குப் பதிலாக் குழம்புக்கு விட்டனான்."

"ரெண்டு கிழமையா வயிறு சரியில்லை" என்றார் பரமேஸ்வரன். "புது மருந்துக் குளிசையாலை எண்டு நினைச்சு டொக்டரிட்டையும் போனனான்."

சுசிலா, வேறு யாருக்கும் ஏதாவது செய்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்றார்கள். மூன்று பேருமாகக் குசினிக்குப் போய், அலுமாரியில் இருந்ததையும் குளிர்ப்பெட்டியில் திறந்து வைத்திருந்ததையும் எடுத்துப் பையில் அடுக்கினார்கள். டொக்டரிடம் சல்சா விஷயத்தையும் சொல்லுங்கோ என்று பரமேஸ்வரனிடம் கேட்டுக்கொண்டார். அவருக்கு அந்தக் கிழமையே சுகமாகிவிட்டது என்று பிறகு மேனுஷா சொன்னாள். ஆனால் அன்று திரும்பிவருகிற ரயிலில் சுசிலாவுக்கு அது தெரியாது. பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தார்.

அந்த மாரிகாலம் முழுவதும் வீட்டில் கடையில் விற்கும், தகரத்தில் அடைத்த தக்காளிதான். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டதால் யாரும் கோப்பையைத் தள்ளவில்லை. வேதவல்லி கடையில் கண்டால் அடுத்த வரிசைக்குத் திரும்பினார். நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல நுன்சியாவுக்குத் தொலைபேசி எடுத்தபோது சுசிலா நடந்ததைச் சொன்னார். எண்பது தாண்டிய நுன்சியா ஒரு நிமிடம் இடைவிடாமல் சிரித்தார். தான் சிறுமியாக இருந்தபோது வீட்டில் ஒரு வருடத்துச் சல்சா முழுவதும் பழுதாகி, அப்பா பல மாதம் அம்மாவோடு பேசாமல் இருந்தாராம். அடுத்த ஓகஸ்டில் அவரே வந்து தக்காளி கழுவினாராம். நீ போடாமல் மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலச் சட்டென்று தொலைபேசியை வைத்தார்.

அடுத்த ஓகஸ்டில் பிறேமினி மட்டும்தான் வருவாள் என்று நினைத்துக் குறைவாகவே தக்காளி எடுப்பித்திருந்தார் சுசிலா. காலையில் மணி அடித்தது. வாசலில் வேதவல்லியும் வசந்தமலரும் நின்றார்கள்.

"சம்மந்தி எப்பிடிப் போடுறதெண்டு பாக்கவேணுமாம். அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார் வேதவல்லி, சுசிலாவைப் பார்க்காமல்.

"வாங்கோ. கழுவ ஆள் காணாதெண்டு இருந்தனாங்கள்" என்றார் சுசிலா.

வசந்தமலர் கேள்விமேல் கேள்வி கேட்டார். இலை ஏன், துணி ஏன், போத்தலின் கழுத்துவரை ஏன் நிரப்பக்கூடாது. பிறேமினி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேதவல்லி பிழிகிற மெசினின் கைப்பிடியைச் சுற்றினார். பின்னேரம் பீப்பா கொதிக்கத் தொடங்கியதும் ஒரு கதிரையை இழுத்து அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"காஸ் காணுமே?"

"ரெண்டு சிலிண்டர் மேலதிகமா இருக்கு."

மற்ற இருவரும் உள்ளே தேத்தண்ணி போடப் போயிருந்தார்கள்.

"அண்டைக்குப் போதும் எண்டு சொன்னது நான்" என்றார் வேதவல்லி. "அங்கை போய் ஏன் உம்மட பிழை எண்டு சொன்னனீர்? சம்மந்தி சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்."

"என்ர வீடு, என்ர பீப்பா. நான் மறிச்சிருக்கலாம்" என்றார் சுசிலா. "பிறகு, அவை உங்கட சம்மந்தி. எனக்கு என்ன, ஒருநாள் போயிட்டு வாறதுதானே."

வேதவல்லி தலையை ஆட்டினார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. தண்ணீர் வற்றுகிறது, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டுவந்து ஊற்றும் என்றார். சுசிலா கேத்தலை எடுக்க எழுந்தார்.

அந்த வருடத்துப் போத்தல்களில் ஒன்றும் பழுதாகவில்லை. இந்த வருடம் தன்னுடைய முற்றத்திலும் ஒருநாள் போடவேண்டும் என்று வசந்தமலர் கேட்டிருக்கிறார்; இல்ஃபோர்டில் அவருக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களும் வரப்போகின்றனவாம். பரமேஸ்வரன் இன்னும் முழுமனதோடு சம்மதிக்கவில்லை. ஞானேஸ்வரன் இன்னொரு பீப்பா தேடிக்கொண்டிருக்கிறார்.