தங்கை பேசிய நான்கு பக்கம்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவர் அவர். அங்கே எல்லோருக்கும் ‘பெரியக்கா’. ஐம்பது வயதில், நூலக மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நடந்த கதை வகுப்பில் சேர்ந்தார். அவர் எழுத நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்ட தங்கையைப் பற்றி.

வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் படித்து முடித்ததும் மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. பெரியக்கா முதலில் படித்தது நான்கு பக்கம், ஒரே வாக்கியம். அதில் தங்கை மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள்.

“முற்றுப்புள்ளியே இல்லியேம்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“ரொம்ப நீளம்க்கா. கேக்குற எனக்கே மூச்சு வாங்குது,” என்றார் பஸ் டிரைவர்.

“அந்தப் பொண்ணு சாகப்போறான்னு முதல்லயே சொல்லிடுங்க,” என்றார் வகுப்பை நடத்திய ஆசிரியை.

பெரியக்கா தலையாட்டியபடி குறித்துக்கொண்டார். வெட்டினார், ஒட்டினார். துணியில் சுருக்கம் கண்டால் பொறுக்காத கை, கதையையும் விடவில்லை. ஏழாவது தடவை படித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். வகுப்பு வெளியிட்ட தொகுப்பில் அதுதான் முதல் கதை. இனி எதற்கு என்று பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிட்டார்.

புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்தார். அவர் இரண்டு தடவை படித்தார்.

“நல்லாருக்குக்கா. அழுகையே வந்துடுச்சு.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா இது நம்ம சின்னவ இல்லியே. அவ எப்போ இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசினா?”

அன்றே பெரியக்கா, முதலில் எழுதியதைத் திரும்ப எழுத உட்கார்ந்தார். பத்து வார்த்தைக்கு ஒரு புள்ளி தானாக விழுந்தது. முப்பது வருடம் மனசுக்குள் வாயாடிக்கொண்டே இருந்தவள் வாயடைத்துப் போயிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை சட்டத்தை மீறினார். “உங்க பேச்சக் கேட்டு என் தங்கச்சியத் தொலைச்சுட்டேன்.”

டிரைவர்தான் மெல்லக் கேட்டார்: “வாளிக்குள்ள ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு, சோப்பத் தேடிக்கிட்டே பேசுவாளே, அத ஏங்க்கா எடுத்தீங்க? வண்டி ஓட்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.”

“நீங்கதானே நீளம்னு சொன்னீங்க!”

“நீளம்னுதான் சொன்னேன். எடுக்கவா சொன்னேன்?”

மருந்துக்கடைக்காரருக்குத் தங்கை பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டியது நினைவிருந்தது. ஆசிரியைக்கு அவள் போட்ட சண்டை ஒன்று. ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொல்ல, பெரியக்கா எழுதிக்கொண்டார். ஒன்றரைப் பக்கம் தேறியது.

இப்போதும் வகுப்புக்குப் போகிறார். புதிதாக எழுதுவதை மட்டும் முடிக்கும்வரை யார் கண்ணிலும் காட்டுவதில்லை. தங்கையின் மிச்சப் பக்கங்களுக்காக, வேலைக்குக் கிளம்புமுன் தினமும் அரைமணி நேரம் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். சில நாள், “அக்கா, இங்க பாரேன்” என்று அவள் ஆரம்பிக்கிறாள். அதற்கு மேல் வருவதில்லை.