பச்சமுத்துவின் பாட்டு வரிசை

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் ஞானசுந்தரி சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் அவளுக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்பாள். கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்த வருஷம், கழித்துப்போட்ட பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீடு பெருநகர் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி. அதில் அவளும் அண்ணன் பச்சமுத்துவும் மட்டும்தான்.

பச்சமுத்து பிறந்ததிலிருந்தே ஒரு தினுசு. வயசு முப்பத்தைந்தைத் தாண்டியும் பேச்சு நாலைந்து சொல்லுக்கு மேல் வராது. யார் வம்புக்கும் போகமாட்டான், சொன்ன வேலையைச் செய்வான். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் எது வர வேண்டுமோ அதுதான் வர வேண்டும். மாறினால் தாங்கமாட்டான்.

அம்மா இருந்தவரைக்கும் சாயந்திரம் விளக்கேற்றியதும் கேசட் போடுவாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு கேசட்டுகளும் ஒவ்வொன்றாய் நாடா சிக்கி அறுந்துபோயின. சுந்தரி அதே பாட்டுகளைக் கடையில் இங்கும் அங்கும் தேடிச் சேர்த்து, வீட்டு கம்ப்யூட்டரில் ஏற்றி, பிளேலிஸ்ட் போட்டாள். வரிசை அவளுக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். தப்பான பாட்டு வந்தால் மௌஸின் மேலிருந்து அவள் கையை எடுத்துவிடுவான். சரியானது வந்தால் உட்கார்ந்துகொள்வான். அப்படியே ஒவ்வொரு சாயந்திரமாய்த் தடவித் தடவி முழு வரிசையையும் பிடித்தாள். நாயனத்தோடு தொடங்குகிற பக்திப் பாட்டுக்குக் கால் கழுவுவான். ஓடக்காரன் பாட்டுக்குத் தட்டெடுத்து வைப்பான். கடைசியில் ஒரு தாலாட்டு. அது முடிவதற்குள் பாயில் படுத்துவிடுவான்.

அந்தப் பாட்டுகள் கேசட்டிலிருந்து எப்போதோ யாரோ பதிந்தவை. புது ஸ்பீக்கர் வாங்கி மாட்டியதும் பின்னாலிருந்த இரைச்சல் எல்லாம் பெரிதாய்க் கேட்டது. சில இடங்களில் பச்சமுத்து ஒரு காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தான். பாவமாயிருந்தது அவளுக்கு. கடையில் கூட வேலை செய்கிற மேரியிடம் சொன்னபோது, மேரி தன் அக்கா புருஷனிடமிருந்து ஒரு டிவிடி வாங்கிவந்து கொடுத்தாள். அதே பாட்டுகள், கண்ணாடி மாதிரி சுத்தமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு செங்கேணி மாடு ஓட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போனாள். வழக்கம்போல பச்சமுத்துவும் கூடப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் புதுசை ஏற்றிவிடலாம் என்று சுந்தரி உட்கார்ந்தாள். பழைய கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. பழைய பாட்டுகளை அழித்தாள். அப்போதும் போதாமல், திரையிலிருந்த குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினாள். புதுசு எல்லாம் ஏறியது. ஒன்றைப் போட்டுக் கேட்டாள். வீணைத் தந்தியை நகத்தால் மீட்டுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது.

பிறகு பிளேலிஸ்டைத் திறந்து ஓடவிட்டாள்.

சத்தமே வரவில்லை. முதல் வரியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது, அதிலிருந்து அடுத்ததற்கு. கடைசி வரைக்கும் மடமடவென்று ஓடி நின்றுவிட்டது.

போன வருஷம் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து ஊரே இருட்டில் கிடந்தபோது பாட்டில்லாமல் பச்சமுத்து பட்ட பாடு கண்முன் வந்தது. சோறு தின்னவில்லை, படுக்கவில்லை. சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான். புருவத்துக்கு மேல் போட்ட தையலின் வடு இன்னமும் இருக்கிறது.

மேரிக்குப் போன் போட்டாள்.

"பழைய பாட்டு உங்கிட்ட எதுனா இருக்குதா, மேரி?"

"எங்கிட்ட ஏது? இன்னாடி ஆச்சு?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன். புதுசு ஏறிடுச்சு, ஆனா வரிசை வேலை செய்யல. அவன் வர நேரமாவுது."

"ஐயய்யோ. பாட்டு இருக்குதில்ல, நீயே ஒண்ணொண்ணா போட்டு வுடேன்."

"போட்டது நான்தான், ஆனா முழுசா வரிசை இப்ப ஞாபகம் இல்லடி. அது ஓட ஆரம்பிச்சா பாதிக்கு மேல நான் சமையக்கட்டுல இருப்பேன்."

போனை வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் இந்த மாதிரி ஒன்று அடிக்கடி நடக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் அடித்த பத்திரிகையை இங்கே திறந்தால், எழுத்தெல்லாம் கோணல்மாணலாய் வந்து நிற்கும். எழுத்து கெட்டுப்போயிருக்காது. அந்தப் பேரில் ஃபாண்ட் இங்கே இருக்காது, அவ்வளவுதான். பிளேலிஸ்டும் பேரைத்தானே தேடும்? பழைய பாட்டுக்கெல்லாம் ட்ராக் ஏழு, ட்ராக் பன்னிரண்டு என்றுதான் பேர். டிவிடியிலிருந்து வந்தவற்றுக்குப் பாட்டின் முதல் அடியே பேராக இருந்தது. புதுசுக்குப் பழைய பேரை வைத்து, பழைய இடத்திலேயே போட்டுவிட்டால் ஆயிற்று.

ஆனால் ட்ராக் ஏழு எந்தப் பாட்டு?

பிளேலிஸ்டை நோட்பேடில் திறந்தாள். ஒவ்வொரு பேருக்கும் மேலே ஒரு எண் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தபிறகுதான் அது பாட்டின் நீளம், நொடிக்கணக்கில் போட்டது என்று பிடிபட்டது. புதுப் பாட்டுகளின் நீளத்தை எடுத்து இதோடு ஒப்பிட்டுக்கொண்டே போனாள். கேசட் கொஞ்சம் மெதுவாகவோ வேகமாகவோ ஓடியிருக்கும் போல, ஒன்றிரண்டு நொடி முன்னே பின்னே இருந்தது. பொருந்துகிற மாதிரி தோன்றியதும் பேரை மாற்றினாள்.

இரண்டு பாட்டுகளின் நீளம் ஏறக்குறைய ஒன்றாயிருந்தது. எது முன்னே, எது பின்னே? கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. குத்துமதிப்பாக வைத்தாள். கடைசியில் ஒரு பேருக்கு எந்தப் பாட்டின் நீளமும் ஒத்துவரவில்லை. மிச்சமிருந்தது ஒரே பாட்டு, ஆனால் அது ரொம்ப நீளம். வேறு வழியில்லாமல் அதையே அங்கே வைத்தாள்.

வெளியே மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

"சுந்தரி, உங்கண்ணன் வந்துகினு கீறான் பாரு," என்று தெருவிலிருந்தே குரல் கொடுத்தாள் செங்கேணி.

பச்சமுத்து வந்தான். சுந்தரி விளக்கேற்றிவிட்டுப் பாட்டைப் போட்டாள். நாயனம் எழுந்தது. தொட்டியடிக்குப் போய்க்கொண்டிருந்தவன் நின்று திரும்பினான். ஸ்பீக்கர் கிட்டே வந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டுக் கால் கழுவப் போனான். காதைப் பொத்தவில்லை.

ஓடக்காரன் பாட்டுக்குத் தட்டு வந்தது. சோறு போட்டாள். அவன் நாலு வாய் தின்றபோது, குத்துமதிப்பாக வைத்த பாட்டு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டான். முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினான்.

"இல்லண்ணா, இல்ல, இரு. நான்தான் மாத்தி வச்சிட்டேன்," என்று ஓடிப்போய் இரண்டையும் இடம் மாற்றினாள். மாற்றிய பாட்டு தொடங்கியது. ஆட்டம் மெல்ல அடங்கியது. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஆனால் அவள் பயந்தது அந்த நீளப் பாட்டுக்குத்தான். பழசில் அது இரண்டு சரணத்தோடு முடிந்துவிடும். மூன்றாவது சரணம் தொடங்கியதும் பச்சமுத்து எழுந்து நின்றான். சுந்தரி சுவருக்கும் அவனுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். அவன் சுவர்ப்பக்கம் போகவில்லை. வாசற்படிக்குப் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான்.

"இன்னா, பேஜார் பண்றானா?" என்று செங்கேணி எட்டிப் பார்த்தாள்.

"தெரியலக்கா. சும்மா நிக்கிறான்."

சரணம் முடிந்து அடுத்த பாட்டு வந்ததும் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். தாலாட்டுக்குப் படுத்தும்விட்டான். சுந்தரிதான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த நாளும் அந்த சரணத்துக்கு எழுந்துபோய் நின்றான். அதற்கடுத்த நாளும். எந்த நாள் முட்டிக்கொள்வானோ என்று அவள் தினமும் அந்த நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள். மேரியைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த ஒரு பாட்டையாவது பழையபடி தேடிக் கொடு என்று கெஞ்சினாள். பொங்கல் கழிந்து மேரி ஒரு சிடியை நீட்டினாள். "இதுல கீது, பாரு. அதே கொரகொரப்பு."

அன்று சாயந்திரம் பழசை அதே பேரில் வைத்தாள். இரண்டாவது சரணம் முடிந்தது. பச்சமுத்து எழுந்து வாசற்படிக்குப் போய் நிலையைப் பிடித்தான். பாட்டு அங்கேயே முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். முகம் கலங்கியது. திரும்பவும் தெருவைப் பார்த்தான், திரும்பவும் வீட்டுக்குள் பார்த்தான். ஆடத் தொடங்கினான்.

சுந்தரி கம்ப்யூட்டரிடம் ஓடினாள். நல்லவேளை, இந்த முறை நீளப் பாட்டை அவள் அழிக்கவில்லை, வேறொரு ஃபோல்டரில் எடுத்து வைத்திருந்தாள். அதைப் போட்டு மூன்றாவது சரணத்துக்கு நகர்த்தினாள். பச்சமுத்து நிலையைப் பிடித்தபடி கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தான்.

சிடியை மேரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.