பிரிட்டன் வேறயா என்று கேட்டார்கள்

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சாக இருக்கும் பானுமதிக்கு முப்பத்திரண்டு வயது. ஜெர்மனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எட்டு மாதம் செல்போனிலேயே ஜெர்மன் படித்தாள். கணவன் மாதவராஜ் ஒரே பேச்சில் அதை நிறுத்திவிட்டான்.

“போனா பிரிட்டன் போ. ஐரோப்பாக்காரங்க வேற, இவங்க வேற. நம்மள ஆண்டவங்க, நம்மளத் தெரியும்.”

“எப்படி ஆண்டாங்கன்னும் பாக்கணுமில்லைங்க,” என்றாள் பானுமதி. அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

பிரிட்டனில் நர்ஸ் வேலைக்கு வேண்டிய ஆங்கிலத் தேர்வுக்காக அதியமான்கோட்டையில் அறிவழகன் நடத்திய பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். அவர் வேறு மாதிரி சொன்னார். “பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் சர்ச்சு, ரொட்டி, கால்பந்து எல்லாம் ஒண்ணுதாங்க சிஸ்டர். நடுவுல கொஞ்சம் கடல், அவ்வளவுதான்.” எந்தக் கேள்வி வந்தாலும் ஒப்பிக்க அவர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்தாள். ஒப்பிப்பது தெரிந்துபோய், பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றாள்.

மூன்றாவது முறை, சேலத்தில், தேர்வு நடத்திய அம்மாள் கேட்டது இதுதான்: பிரிட்டிஷ் பண்பாடு ஐரோப்பாவிலிருந்து உண்மையிலேயே வேறுபட்டதா?

பானுமதிக்கு மனப்பாடம் எதுவும் வரவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொந்தக் கதையைச் சொன்னாள். அவள் அம்மா கன்னடம் பேசும் குடும்பம். தாய்மாமன் கிருஷ்ணப்பன் இருந்தது கர்நாடகப் பக்கம். இங்கே களி, அங்கே முத்தே. இரண்டும் அதே கேழ்வரகுதான், அதே உருண்டைதான். காவிரித் தகராறு முற்றிய ஒரு வருடம் பஸ் எல்லையோடு நின்றுவிட்டது. அந்த வாரம்தான் மாமன் இறந்தார். அம்மா ஒரு பகல் முழுக்க ரோட்டில் நின்றுவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள்.

“சாப்பாட்டைப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. வழியை அடைத்தால்தான் வேறு ஆகிறோம். பிரிட்டனும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் போனதில்லை.”

தேவையான மதிப்பெண் வந்தது. மாதவராஜ் தெரு முழுக்க லட்டு கொடுத்தான்.

மறுநாள் அசல் சான்றிதழ்களைக் கேட்டு மருத்துவமனை மேனேஜர் முன் நின்றாள். வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கி வைத்தவை.

“இன்னும் ரெண்டு வருஷம் இருங்க சிஸ்டர். ஆள் இல்லாம எப்படி விடுறது?”

“அந்தத் தேர்வே ரெண்டு வருஷம்தாங்க செல்லும் சார்.”

“அப்ப திரும்ப எழுதுங்க.”

வீட்டில் மாதவராஜ், மேனேஜரிடம் சண்டை வேண்டாம், உள்ள வேலையும் போய்விடும் என்றான். அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் கலெக்டர் ஆபீசுக்குப் போய், சான்றிதழ்களை வாங்கித் தரச் சொல்லி மனு கொடுத்தாள். ஒரு எண் எழுதிய சீட்டு கொடுத்தார்கள். மூன்று மாதம் ஆகிறது, சான்றிதழ்கள் வரவில்லை. இப்போதும் அதே வார்டில் ரத்த அழுத்தம் பார்க்கிறாள். மருத்துவமனையில் யாரும் அவளிடம் மனுவைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.