செங்கல்வராயன் கேட்கும் லாஜிக்

"நிறுத்து, நிறுத்து. உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே, கையில் மாவு ஒட்டாத ஒரே இடமான சுண்டுவிரல் நுனியால் திரையைத் தொட்டு நிறுத்துகிறார் செங்கல்வராயன். புளி டப்பாவின்மேல் சாய்த்து வைத்த கைபேசியில், கிழிந்த உடைகளோடு ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்தபடியே உறைந்துபோகிறார்கள். "உலகம் அழிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. கடை இல்ல, லாரி இல்ல. அந்தம்மா சூப்ப ஒரு வாய் குடிச்சிட்டு நல்லாகீதுன்றா. உப்பு இல்லாம எப்படி நல்லாகீது? சொல்லு சார்."

சித்தூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருக்கிறது அவருடைய மெஸ். பதினாறு பேர் உட்காரலாம். பக்கத்து ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் எனக்கு மூன்றரை மணிக்குத்தான் சாப்பாட்டு நேரம் வாய்க்கும். மதியப் பந்தி முடிந்து, சாயங்கால போண்டாவுக்கு மாவு பிசையும் அந்த ஒரு மணி நேரம்தான் செங்கல்வராயன் சீரியல் பார்க்கும் நேரமும். வாடிக்கையாளர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் சாப்பாட்டை ஒட்டியவை. கூரியர் வண்டி ஓட்டும் சிரஞ்சீவிக்கு 'ரெண்டு அப்பளம்'. எனக்கு 'லேட்டு சாப்பாடு'.

சீரியல் வெளிநாட்டுக்காரர்கள் எடுத்தது. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிறார்கள். கடிபட்டவர் மூன்று நாளில் அவர்களைப்போலவே ஆகிவிடுவார். தப்பித்த கொஞ்சம் பேர் மலைமேல் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இரும்பு கேட்டைப் பூட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். தெலுங்கு டப்பிங்கில் ஓடுவதை எனக்காகத் தமிழில் சொல்லுவார். ஆங்கிலப் பெயர்கள் அவர் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் அவரே பெயர் வைத்துவிட்டார்: டாக்டரம்மா, சோடாபுட்டி, பூட்டுக்காரன். செத்து நடப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர், 'துன்றதுங்க', அதாவது தின்கிறவை.

இதை அவர் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தவள் மகள் ரூபா. திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படிக்கிறாள். முன்பெல்லாம் அவளோடு ஃபோனில் பேசினால் "துன்னியா?" "துன்னுட்டேன் நைனா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே எபிசோடைப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் சண்டை போடுகிறார்கள். சோடாபுட்டி ஏன் தனியாகக் கிடங்குக்குள் போனான் என்பதற்கு அவள் காதல், துக்கம் என்று ஏதேதோ காரணம் சொல்வாள். இவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "இதுவரைக்கும் செத்தவன் எல்லாம் தனியா போனவன்தான். இவன் முந்தின எபிசோட்லயே அத கண்ணால பாத்தான். பாத்துட்டும் போறான்னா அது லாஜிக்கா?"

அவருடைய லாஜிக் முழுக்க அடுப்படியிலிருந்து வருவது. துன்றதுங்க வாசனை பிடித்து வருகிறதுகள் என்றால் பள்ளிக்கூடத்தில் எதற்குக் கறி வாட்டுகிறார்கள்? ஒருத்தரும் பாத்திரம் கழுவுவதே இல்லை, ஆனால் எப்போதும் சுத்தமான தட்டு எப்படி வருகிறது? பதினோரு நாள் பட்டினி கிடந்தவன் எழுந்ததும் ஓடுகிறானே, கால் நடுங்காதா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அவர் சிரிக்காமல் கேட்பார்.

அவருடைய வலதுகால் கட்டைவிரலில் நகம் இல்லை. சமையலறைக்குள்ளும் செருப்போடுதான் நடப்பார். ஒருமுறை கேட்டதற்கு, "அது கொரோனால போச்சு" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றப் போய்விட்டார். மிச்சத்தை அவர் மனைவி கிருஷ்ணம்மாதான் வேறொரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

அந்த வருஷம் செங்கல்வராயனுக்கு அம்பத்தூரில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. ஊரடங்கு போட்டதும் முதலாளி அடுப்பை அணைத்துவிட்டார். பஸ் இல்லை, ரயில் இல்லை. நடந்தார். கொஞ்ச தூரம் ஒரு பால் வண்டி ஏற்றிக்கொண்டது, மிச்சமெல்லாம் கால். ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, குடிபாலாவுக்குப் பக்கத்தில் இருக்கிற தன் ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தார். ரோட்டின் குறுக்கே முள்மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து யார் வந்தாலும் பதினாலு நாள் வெளியே என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்திருந்தது. முகத்தில் துண்டு கட்டி, கையில் கழி வைத்துக்கொண்டு காவல் நின்றவர் முரளி, கிருஷ்ணம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

"மாமா, அங்கயே நில்லு" என்றாராம் முரளி. இவர் கெஞ்சிப் பார்த்தார், பிறகு திட்டினார். செத்துப்போன மாமனாரையும் இழுத்துத் திட்டினார். முரளி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டாரே தவிர, மரத்தை நகர்த்தவில்லை. கடைசியில் ஏரிக்கரை மோட்டார் ரூமில்தான் செங்கல்வராயன் பதினாலு நாள் இருந்தார். கிருஷ்ணம்மா சோற்றைக் கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பார். பதினாலு வயது ரூபா இன்னும் தள்ளி, வரப்பில் நின்று கையாட்டுவாள்.

"நாலஞ்சு நாளு வெச்சது வெச்சபடியே கெடந்துச்சு சார். கோவம். எந்தம்பி மேல இருக்கிற கோவத்த சோத்து மேல காட்டினாரு. கருவாட்டுக் கொழம்பு வெச்சாகூடத் தொடல" என்றார் கிருஷ்ணம்மா.

ஊரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அடுத்த வருஷமே செங்கல்வராயன் குடும்பத்தோடு சித்தூருக்கு வந்து மெஸ் போட்டார். முரளி ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து காய்கறி பயிரிடுகிறார். சொந்தமாக மினி ஆட்டோ உண்டு. அக்கா வீட்டு விசேஷம் எதையும் அவர் தவறவிட்டதில்லை. ரூபாவின் கல்லூரிக் கட்டிலையும் பெட்டியையும் திருப்பதியில் கொண்டுபோய் இறக்கியதுகூட அவர்தான். ஆனால் மாமாவும் மச்சானும் பேசிக்கொள்வது விலையும் எடையும் மட்டும்தான். அதையும் முரளி வாசற்படியில் நின்றேதான் பேசுவார்.

போன வருஷம், தெலுங்குக்காரர்களின் ஸ்ராவண மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் பூஜை நாள் என்பதால் கடைத்தெரு முழுக்கக் கூட்டம். மெஸ்ஸில் மட்டும் நாங்கள் நான்கு பேர்: அடுப்படியில் அவர், பின்கட்டில் பாத்திரம் துலக்கும் கிருஷ்ணம்மா, பெஞ்சில் நானும் சிரஞ்சீவியும். சீரியலில் அன்றைக்கு, கேட்டுச் சாவி வைத்திருக்கும் பூட்டுக்காரனின் எபிசோடு. இரண்டு வருஷம் காணாமல்போன அவன் அண்ணன் நடந்தே பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்கிறான். கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். பூட்டுக்காரன் திறக்க மறுக்கிறான்.

சிரஞ்சீவிக்குக் கோபம் வந்துவிட்டது. கூடப்பிறந்தவனை வெளியே நிறுத்துகிறவனும் அந்தப் பிணங்களும் ஒன்றுதான், இதை எழுதினவனுக்கு மனசே கிடையாது என்றார். நானும் ஆமாம் என்றேன்.

செங்கல்வராயன் சுண்டுவிரலால் நிறுத்தினார். பத்து நொடி பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். "அண்ணங்காரன் கைய பாரு. எல்லாத்தையும் காட்றான், எடது கைய மட்டும் காட்டல. சட்டைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்து உட்டுக்கினு கீறான். கடி வாங்கிக்கினு வந்துகீறான் அவன். அவனுக்கே தெரியும்."

நாங்கள் மறுபடி பார்த்தோம். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

"தொறந்திருக்கணும்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. முரளி. தோளில் வாழையிலைக் கட்டு, மேலெல்லாம் மழை ஈரம். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "எது எப்படி இருந்தாலும் கூடப்பொறந்தவன். தொறந்திருக்கணும்."

"தொறந்திருக்கக் கூடாது" என்றார் செங்கல்வராயன்.

"வெளிய நின்னவன் நீ. நீ இப்படிப் பேசாத மாமா."

செங்கல்வராயன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கையிலிருந்த மாவைக் கழுவினார். கழுவி முடித்தும் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா பின்கதவருகே வந்து நின்றார்.

"மூணாம் நாளு எனக்குக் காய்ச்சல் வந்துச்சுடா" என்றார் செங்கல்வராயன் முரளியிடம். "மோட்டார் ரூம்ல. ஒடம்பு அனலா கொதிச்சுது. நாலு நாளு எழுந்துக்க முடியல. உங்கக்கா கருவாட்டுக் கொழம்பு வெச்சுட்டுப் போச்சு. மூக்குகிட்ட வெச்சுப் பாக்கறேன், வாசனையே வரல. முப்பது வருஷம் அடுப்புல நின்னவன், கருவாட்டு வாசனை தெரியலன்னா இன்னா அர்த்தம்? அந்த நோவுதான் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

முரளி தரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ மரத்த நகத்தி உட்டிருந்தா நேரா ஊட்டுக்குத்தான் போயிருப்பேன். ரூபாவக் கட்டிப் புடிச்சிருப்பேன். உங்கம்மா அப்ப எங்க ஊட்லதான் ஆஸ்துமாவோட படுத்துக்கினு இருந்துச்சு."

"எங்கிட்டகூட சொல்லலியே நீ" என்றார் கிருஷ்ணம்மா மெதுவாக.

"சொன்னா நீ ஓடியாந்திருப்ப."

"அப்ப சொல்லல, சரி. அதுக்கப்புறம்?"

 சிரஞ்சீவி எழுந்து போகலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார். போகிற வழியில் முரளி நின்றிருந்ததால் எங்களாலும் எழுந்திருக்க முடியவில்லை.

"சொன்னா அவன் செஞ்சது சரின்னு ஆயிடும் இல்ல" என்றார் செங்கல்வராயன். "அஞ்சு நாளு நடந்தவன நாய வெரட்றாப்ல வெரட்னானே, அவன் செஞ்சது சரின்னு என் வாயால எப்படிச் சொல்றது? கொஞ்ச நாளு கெடக்கட்டும்னு உட்டேன். அப்புறம் கோவம் போயிடுச்சு, வெக்கம் வந்துடுச்சு. இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு அஞ்சு வருஷம் போயிடுச்சு."

 "தெனமும் அந்த முள்ளு மரம்தான் மாமா கண்ணுல நிக்கும்" என்றார் முரளி. 

"தெரியும்டா" என்றார் இவர். "தெரிஞ்சும்தான் சொல்லாம இருந்தேன்."

வெளியே சந்தில் தெலுங்கில் பூ விலை கூவிக்கொண்டு ஒரு பெண் போனாள்.  கைபேசித் திரை தானாக அணைந்தது.

செங்கல்வராயன் வாசலுக்குப் போய், முரளியின் தோளிலிருந்த இலைக்கட்டைத் தானே இரண்டு கையாலும் தூக்கி இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். கட்டு இருந்த இடத்தில் சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தன் தோளில் கிடந்த துண்டை உருவி, நான்காக மடித்து, அந்த ஈரத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையை எடுக்கவே இல்லை.