கழற்றிய ஸ்பீக்கர் வயர்

யுத்தம் முடிந்ததாகச் செய்தி வந்த வாரம். ஊரில், வன்னியிலிருந்த தன் அண்ணனின் அழைப்புக்காக என் மனைவி தொலைபேசியடியிலேயே கிடந்தாள். நான் புதிதாக வாங்கிய வால்வ் அம்ப்ளிஃபயரில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"சத்தத்தை நிப்பாட்டுங்கோ, போன் அடிக்குது!"

பழைய டிரான்சிஸ்டர் அம்ப்பில் செய்வதுபோல ஸ்பீக்கர் வயரை இழுத்துக் கழற்றினேன். அழைத்தது அண்ணனில்லை. பதற்றத்தில் என் விரல்கள் வாசித்துக்கொண்டேயிருந்தன. ஸ்பீக்கரில்லாமல் ஓடினால் வால்வ் அம்ப் உள்ளே எரிந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதிலிருந்து புகை கிளம்பி, வீட்டின் புகை அலாரம் அலறியது.

"வெளியில வாரும்!" என்றேன்.

"நான் வரேல்லை. அண்ணா எடுத்தா ஆர் கதைக்கிறது?"

பிளக்கைப் பிடுங்கினேன், புகை மெல்ல அடங்கியது.

இப்போது என்னிடம் டிரான்சிஸ்டர் அம்ப்தான். ஹெட்போனைச் செருகி, ஒரு காதை மட்டும் மூடி வாசிக்கிறேன். மற்றக் காது இன்னும் தொலைபேசிக்குத்தான்.